வண்டிகள் பிறக்கும் சாலையில் வண்டி நின்றால்... ஸ்ரீபெரும்புதூர் டு ஒரகடம் ஒரு ரவுண்டு!

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து, ஸ்ரீபெரும்புதூரில் இடதுபக்கம் திரும்பினால் சிங்கப்பெருமாள் கோவில் சாலை. ராமானுஜர் பிறந்த ஊர் என்று தேடி வருகிறவர்களும், ராஜீவ் காந்தி நினைவிடம் பார்க்க வருகிறவர்களும் ஊரோடு நின்றுவிடுவார்கள். இந்தப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகியிருக்கும். கம்பெனி பஸ், பைக், ஷேர் ஆட்டோ, நடுவில் புத்தம்புது கார்களை அடுக்கிச் சுமக்கும் நீளமான டிரெய்லர்கள். பிள்ளைப்பாக்கம், வல்லம், வடகால் என்று சிப்காட் போர்டுகளைத் தாண்டினால் ஒரகடம்.

இந்தியாவில் ஓடும் வண்டிகளில் எத்தனையோ இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் சான்ட்ரோ வந்ததிலிருந்து தொடங்கியது கதை. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை திறந்தது. 2012-ல் வந்த டஸ்ட்டர் இங்கே தயாரானதுதான். அதே 2012-ல் டெய்ம்லர் தன் பாரத்பென்ஸ் லாரிகளுக்கான ஆலையை ஒரகடத்தில் திறந்தது. 2013-ல் ராயல் என்ஃபீல்டு வந்தது. அப்போலோ டயர் ஆலையும் இங்கேதான்.

ஆனால், ஆலை வாசல்களை விட்டுச் சாலையோரத்தைப் பாருங்கள். பழைய லாரி டயரில் வெள்ளைப் பெயின்ட்டால் ‘பஞ்சர்’ என்று எழுதித் தொங்கவிட்ட கொட்டகைகள். தமிழுக்குக் கீழே இந்தி எழுத்துகள். டிரெய்லர் ஓட்டி வருகிறவர்களில் வடமாநிலத்துக்காரர்கள் அதிகம் என்பதால், கடைக்காரருக்கும் டிரைவருக்கும் இடையே பாதிப் பேச்சு கைஜாடையில் நடக்கும். ஆலைக்குள் ரோபோ வெல்டிங் அடிக்கிறது. ஆலைக்கு வெளியே ஒருவர் முழங்காலிட்டு, டயரில் லிவர் போட்டு நெம்பிக்கொண்டிருக்கிறார். வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும்.

‘ஆஃப்ரோடு’ என்றதும் லடாக்கும் சேறு தெறிக்கும் ரீல்ஸும்தான் நினைவுக்கு வரும். புது எஸ்.யூ.வி வாங்கிய குடும்பம் ஒவ்வொன்றும் ஒருநாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, மேகமலையையோ கணக்குப் போட்டுப் பார்க்கிறது. அங்கே வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் ஷோரூமில் யாரும் சொல்லித் தருவதில்லை.

உடைப்பதற்கென்றே ஓர் இடம்

வண்டி எங்கே உடையும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதற்காகவே வண்டியை வேண்டுமென்றே உடைத்துப் பார்க்கும் இடங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. ஒரகடத்தில் மத்திய அரசின் ‘குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்’ இருக்கிறது. சுருக்கமாக கார்க். 2005-ல் தொடங்கிய தேசிய வாகனச் சோதனைத் திட்டத்தில் உருவான மையம் இது. விபத்து மோதல் சோதனை முதல் எலெக்ட்ரானிக்ஸ் சோதனை வரை இங்கே நடக்கின்றன. கொஞ்சம் தள்ளி, செய்யாறு பக்கம் மஹிந்திராவுக்கு எஸ்.யூ.வி-களுக்கென்றே ஒரு சோதனைத் தடம் இருக்கிறது. ரேஸ் பிரியர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக்கை அறிமுகப்படுத்தவே வேண்டாம்.

இதுபோன்ற சோதனைத் தடங்களில் கருங்கல் பாவிய மேடுபள்ளப் பாதை, அலை அலையான தகரம்போன்ற பாதை, செங்குத்து ஏற்றம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். சொந்தக்காரர் பத்து வருடத்தில் வண்டிக்குக் கொடுக்கும் உதையைச் சில மாதங்களில் கொடுத்துவிடுவார்கள். அந்த உதையில் இன்ஜின் பிளாக் இரண்டாகப் பிளப்பதெல்லாம் அபூர்வம். போவது ரப்பர், போல்ட், மூட்டு, ஒயர். அதிர்ந்து அதிர்ந்து ஒரு கிளாம்ப் தளரும். தளர்ந்த ஹோஸ் எதிலாவது உரசும். உரசிய இடம் ஒருநாள் கிழியும்.

காட்டுப் பாதையிலும் இதேதான் நடக்கிறது. நடுவழியில் நின்ற வண்டியைப் பார்த்து ‘இன்ஜின் போச்சு’ என்று பதறுகிறோம். பெரும்பாலும் போனது கையளவு ரப்பர் குழாய்.

நிஜமான ஆஃப்ரோடு எது?

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் பக்கம் போய், உத்திரமேரூர் வட்டாரத்துக்குள் நுழைந்தால் கல்குவாரிகள் தொடங்கும். மதூர், சிறுதாமூர் பக்கமெல்லாம் ஜல்லியும் எம்-சாண்டும்தான் பேச்சு. இந்த மாவட்டத்தின் உண்மையான ஆஃப்ரோடு வண்டி, பானட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய ஜீப் இல்லை. அழுக்கேறிய டிப்பர் லாரிதான். தினமும் பலமுறை, முழுச் சுமையோடு, கூர்மையான உடைகல் மேல் ஏறி இறங்குகிற வேலை அதற்கு. சாகசம் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

டிப்பர் டிரைவர்களின் சில பழக்கங்களைப் பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும். குவாரியிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறுமுன் வண்டியை நிறுத்தி, பின்பக்க இரட்டை டயர்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு கல் சிக்கியிருந்தால் கம்பியால் தட்டி எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் அது டயரைத் தின்னும். அதைவிட மோசம், வேகம் பிடித்ததும் பின்னால் வருகிற பைக்காரர் மேல் தோட்டா மாதிரி பாயும். டீக்கடையில் நிறுத்தும்போது ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்பார்கள். ‘டங்’ என்றால் காற்று இருக்கிறது, ‘தொப்’ என்றால் இல்லை. அப்படியே வீல் ஹப் பக்கம் கையைக் கொண்டுபோய், எது மற்றவற்றைவிட அதிகமாகக் கொதிக்கிறது என்று பார்ப்பார்கள். கொதிக்கிற சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், பேரிங் போய்க்கொண்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. எந்த கேட்ஜெட்டும் தேவையில்லை.

இதையெல்லாம் முன்பு கிளீனர் பையன்கள் பார்த்துப் பார்த்துக் கற்று, பிறகு டிரைவர் ஆனார்கள். இப்போது பல லாரிகளில் கிளீனரே கிடையாது. டிரைவர் ஒற்றை ஆளாக ஓட்டுகிறார். அடுத்த தலைமுறைக்கு யார் கற்றுத் தருவார்கள் என்பது இந்தச் சாலையில் யோசிக்க வேண்டிய கேள்வி.

டயர்: காற்றை இறக்கவும் தெரிய வேண்டும்

பாதையில் முதலில் போவது டயர். கார் டயரில் சாதாரணமாக 32 முதல் 35 பி.எஸ்.ஐ காற்று இருக்கும். மணலிலோ சேற்றிலோ சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை அமுக்குவதுதான் நம் முதல் வேலை. சக்கரம் சுழன்று குழி பறிக்கும், வண்டி வயிற்றில் உட்காரும். செய்ய வேண்டியது நேர்மாறு. காற்றை 18 - 20 பி.எஸ்.ஐ அளவுக்கு இறக்கினால், டயர் அகலமாகப் படிந்து பிடி கிடைக்கும். இன்னும் இறக்கினால், வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். மெதுவாக ஓட்டி, தார்ச்சாலை வந்ததும் திரும்பக் காற்றடித்துவிட வேண்டும். காற்று குறைந்த டயரோடு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் டயர் சூடேறி வெடிக்கும். கையடக்க ஏர் பம்ப் இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது என்பது அதனால்தான்.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், பஞ்சர் கிட் இருந்தால் நீங்களே சரிசெய்துவிடலாம். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைக் கம்பியால் ராவி, ரப்பர் திரியைச் சொருகினால் முடிந்தது. ஆனால், இது சாலையைத் தொடும் பகுதிக்கு மட்டும். பக்கவாட்டில் கல் கிழித்த வெட்டுக்குத் திரி நிற்காது. அங்கே ஸ்டெப்னிதான் வழி. இதில் ஒரு சிக்கல்: 2020-ல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, டியூப்லெஸ் டயரும், டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருக்கிற கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. எனவே உங்கள் புது காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்பதை மலையடிவாரத்தில் அல்ல, வீட்டு வாசலிலேயே திறந்து பாருங்கள். இருந்தாலும் அதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரம் கழற்றும்போது நடக்கிற விபத்துகள் பெரும்பாலும் ஜாக்கியால். மண்தரையில் ஜாக்கி புதையும், சரியும். அடியில் ஒரு கனமான பலகை வேண்டும். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை வேண்டும். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொண்டு, பிறகு தூக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டிக்கு அடியில் படுக்கப்போட்டு வைப்பது பழைய ஆட்களின் பழக்கம். ஜாக்கி நழுவினாலும் வண்டி டயர் மேல்தான் உட்காரும், உங்கள் மேல் அல்ல. மாட்டிய பிறகு 50 - 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள்.

ரேடியேட்டருக்கு மஞ்சள்தூள்!

மே மாதம் ஒரகடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, இன்ஜின் ஏன் சூடாகிறது என்று விளக்க வேண்டியதில்லை. முதல் கியரில் ஏறும்போது வேகம் குறைவு, எதிர்க்காற்று இல்லை, இன்ஜினுக்கு வேலை அதிகம். அதோடு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கும்போதே ஏ.சி-யை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திறக்கச் சொல்வார்கள். வெயிலில் ஹீட்டரா என்று குடும்பமே முறைக்கும். ஆனால், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறுவது உண்மை. அதற்குள் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திவிடலாம்.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதுதான் மிகப் பெரிய தவறு. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர் முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது பொறுங்கள். ஆறிய பிறகு ஹோஸ்களைப் பாருங்கள். கிழிசல் சின்னதென்றால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்து அதன் மேலேயே சுற்றிக் கட்டலாம். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பும் கடைகளில் கிடைக்கிறது. ஹோஸின் முனைப்பக்கம் கிழிந்திருந்தால், அந்தத் துண்டை வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகி கிளாம்ப்பை முடுக்கினால் ஊர் போய்ச் சேரலாம்.

ரேடியேட்டரிலேயே ஊசித்துளை விழுந்தால்? நம் லாரிக்காரர்களின் கைவைத்தியம் மஞ்சள்தூள். ரேடியேட்டர் தண்ணீரில் கொஞ்சம் கலந்துவிட்டால், தூள் ஊறி, கசிகிற துளையில் போய் அடைத்துக்கொள்ளும். சமையலறைப் பொருள் சாலையில் வேலை செய்கிற அழகான உதாரணம்தான். ஆனால், அது துளையை மட்டும் தேர்ந்தெடுத்து அடைக்காது. உள்ளே இருக்கிற மற்ற சன்னக் குழாய்களிலும் படியும். பழைய கனமான ரேடியேட்டர்களுக்கு ஒத்துவந்த இந்த வைத்தியத்தை, மெல்லிய அலுமினியக் குழாய்கள் உள்ள இன்றைய கார்களில் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். செய்தால், அடுத்த நாளே முழுவதும் கழுவிவிட வேண்டும்.

அடிவயிற்றில் அடி

பாதையில் துருத்திய கல்லின் அடுத்த இலக்கு வண்டியின் அடிப்பகுதி. ஆயில் சம்ப்பில் அடிபட்டு எண்ணெய் ஒழுகினால், ஆயில் விளக்கு எரிகிறவரை காத்திருக்காமல் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். எண்ணெய் இல்லாமல் சில நிமிஷம் ஓடினாலே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிறகு செலவு லட்சங்களில். விரிசலைத் துடைத்து, எம்-சீல் பிசைந்து அப்பி, காயவிட்டு, எண்ணெய் ஊற்றிக்கொண்டு மெதுவாகப் போகலாம். டீசல் டேங்க்கில் கசிவென்றால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பது லாரிகளில் பழைய பழக்கம். சோப் டீசலில் கரையாது என்பதுதான் ரகசியம்.

லீஃப் ஸ்பிரிங் வைத்த வண்டிகளில் பட்டை உடைவது சகஜம். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் முறிந்தால், அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி சாய்ந்து நடக்கும். அந்த நிலையில் ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே நல்லது. ஸ்டீயரிங் கோலான டை-ராடு வளைந்தாலும் அப்படித்தான்; தட்டி நிமிர்த்திக்கொண்டு நடை வேகத்தில் பாதையைவிட்டு வெளியே வரலாம், நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.

பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் உடைந்தால் சுவாரஸ்யமான ஒரு வழி உண்டு. லிவர் போட்டு ஃபோர் வீலுக்கு மாற்றுகிற பழைய பாணி வண்டிகளில், பின் ஷாஃப்ட்டை முழுதாகக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, ஃபோர் வீலில் போட்டால் முன்சக்கரங்கள் மட்டும் வண்டியை இழுத்துக்கொண்டு வீடு சேர்க்கும். நான்கு சக்கர டிரைவுக்குக் கொடுத்த கூடுதல் பணம் வசூலாகிற தருணம் அதுதான்.

மலையிறக்கத்தில் பிரேக் போவதை ‘உடைசல்’ என்று சொல்ல முடியாது. ஓட்டுகிறவர் கையில் இருப்பது. பிரேக்கை விடாமல் மிதித்தால் சூட்டில் பிடி குறையும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்பது பழைய விதி. மசினகுடி - ஊட்டி இடையிலான கல்லட்டி மலைப்பாதையில் நடந்த விபத்துகளும், வெளியூர் வண்டிகள் அதில் இறங்குவதற்குப் போட்ட கட்டுப்பாடும் இதற்காகத்தான். கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

லாரி கதை வேறு. ஏர் பிரேக் வண்டியில் ஒரு ஹோஸ் கிழிந்து காற்று போனால், உள்ளே இருக்கிற கனமான ஸ்பிரிங் தானாகவே பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். நடுச்சாலையில் லாரி பாறாங்கல்லாக நின்றுவிடும். தள்ளினாலும் இழுத்தாலும் நகராது. அந்த ஸ்பிரிங்கை போல்ட் போட்டு முடுக்கிப் பின்னுக்கு இழுத்தால்தான் சக்கரம் விடும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால், பின்னால் ஒரு கிலோமீட்டருக்குத் தேங்கி ஹாரன் அடிக்கிறவர்களுக்கு அது தெரியாது.

லேப்டாப் கேட்கும் வண்டிகள்

2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் நோய்களும் மாறிவிட்டன. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், மெதுவாகவே ஓடும் வண்டியில் அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால், வண்டியை அணைக்காமல் நெடுஞ்சாலையில் 15 - 20 நிமிஷம் சீரான வேகத்தில் ஓட்டினால் கரி எரிந்து போகும். அலட்சியம் செய்தால் வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொண்டு தவழும். லாரிகளில் டிரைவர்கள் ‘யூரியா’ என்று சொல்லும் திரவம் தீர்ந்தாலும் இதே கதை.

சேறு படிந்த ஒரு வீல் சென்சார் போதும், டேஷ்போர்டு முழுக்க விளக்குகள் எரிய. பாதிப் பேர் அங்கேயே தைரியத்தை இழக்கிறார்கள். முதலில் சக்கரத்தின் உள்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள். வண்டி முற்றிலும் செத்துவிட்டால், பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலை அசைத்துப் பாருங்கள். குலுங்கிக் குலுங்கித் தளர்ந்த டெர்மினலால் நின்றுபோன வண்டிகள் ஏராளம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று பல கார்களை மறுபடி கிளப்பிவிடும். மற்றதற்கு ஸ்கேனரோடு ஆள் வந்துதான் ஆக வேண்டும். பழைய ஜீப்பை ஸ்பேனரும் கம்பியும் வைத்தே ஓட்டிக் காட்டிய மெக்கானிக்குகளுக்கு இதில் வருத்தம் இருக்கலாம். ஆனால், புது வண்டி அவ்வளவு எளிதில் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீரில் நின்றால் செல்ஃப் அடிக்காதீர்கள்

ஏரிகள் நிறைந்த பகுதி இது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேர்வது செம்பரம்பாக்கத்தில். 2015 டிசம்பரில் அந்த ஏரி திறக்கப்பட்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், சென்னைச் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கின. மலைக்குப் போகாமலேயே, வாசலிலேயே பலருக்கும் ஆஃப்ரோடு அனுபவம் கிடைத்தது.

அப்போது வீணான இன்ஜின்களில் பலவற்றைக் கொன்றது வெள்ளம் அல்ல, சாவி. காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நேரத்தில் ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று செல்ஃப் அடித்தால், மேலே வர முடியாத பிஸ்டன் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாமல், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போவதுதான் சரி. தண்ணீரில் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸில் பணம் கிடைப்பது கடினம். இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கும் கூடுதல் பாதுகாப்பு வேண்டும்.

மஹிந்திரா தார் போன்ற ஆஃப்ரோடு வண்டிக்கே 650 மில்லிமீட்டர் ஆழம்தான் எல்லை. முழங்காலுக்குச் சற்று மேலே. அதுவும் நின்ற தண்ணீரில், மெதுவாக. ஓடும் தண்ணீர் அதற்கும் குறைவான ஆழத்திலேயே வண்டியைப் புரட்டிவிடும். கண்ணால் ஆழம் தெரியாவிட்டால் இறங்காமல் திரும்புவதே புத்திசாலித்தனம். சாலையில் தேங்கிய நீரானால், முன்னே ஒரு டவுன் பஸ் போகட்டும், எங்கே மூழ்குகிறது என்று பார்க்கலாம்!

கயிறு கட்டும் முன்...

தமிழ்நாட்டில் சிக்கிய வண்டிக்கான தேசிய தீர்வு டிராக்டரும் ஜேசிபி-யும்தான். ஊர்க்காரர்கள் ஓடிவந்து உதவுவார்கள். ‘அண்ணே, கயிறு இருக்கா?’ என்று கேட்டால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. இழுபடும் இரும்புக் கயிறு அறுந்தால், சாட்டை மாதிரி வீசி உயிரையே எடுக்கும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கையோ கனமான துணியையோ போட்டுவைத்தால் வீச்சு குறையும். கயிற்று நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது. குழந்தைகளைக் காருக்குள்ளோ, தூர மேட்டிலோ வையுங்கள். வண்டியோடு வந்த டோ கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பரிலும், டிரெய்லர் இழுக்கும் குண்டுக் கொக்கியிலும் மாட்டினால் அது பிய்ந்துகொண்டு குண்டாகவே பறக்கும்.

ஃபோர் வீல் இருக்கிறதே என்று காப்புக்காட்டுக்குள் ஏற்றுவதும் ஏரிக்கரையில் ஓட்டுவதும் வீரம் அல்ல. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். டயர் உழுத ஏரிக்கரை அடுத்த மழையில் உடைந்தால், கீழே இருக்கிற வயல்காரர்தான் அழுவார். ஓட்டிப் பழக ஆசையிருந்தால் தனியார் நிலத்தில், அனுமதியோடு நடத்தப்படும் பயிற்சிகள் இருக்கின்றன.

ராத்திரி, ஒரு கல்

இரவில் சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் தூங்குவதில்லை. ஓரத்தில் வரிசையாக டிரெய்லர்கள். ஒன்றில் டிரைவர் அடுப்பு மூட்டிச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருப்பார். இன்னொன்று பட்டை உடைந்து, பாதி சாலையை அடைத்தபடி நிற்கும். பின்விளக்கு எரியாது, பேட்டரியை மிச்சப்படுத்துகிறாராம். எச்சரிக்கை முக்கோணம் வண்டியில் இருக்க வேண்டியது விதி. ஆனால், பின்னால் நாலடி தூரத்தில் நாலு கல்லும், ஒடித்துப்போட்ட வேப்பங்கிளையும்தான் கிடக்கும்.

இந்த நேரத்தில்தான் இரண்டாம் ஷிஃப்ட் முடிகிறது. பைக்கில் இரண்டு இரண்டு பேராக, அசதியும் எதிர்விளக்குக் கூச்சமுமாக வருகிறார்கள். அவர்களுக்கு அந்த லாரி தெரிய வேண்டுமானால், முக்கோணம் குறைந்தது 50 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். டயர் மாற்றுவதா, ஹோஸ் கட்டுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நின்ற வண்டியிலிருந்து முதலில் கீழே இறங்க வேண்டிய பொருள் ஜாக்கி அல்ல, அந்த முக்கோணம்.

பஞ்சர் கடைக்காரர் ஒருவழியாக டியூப்லைட் வெளிச்சத்தில் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொள்கிறார். டிரைவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, செல்ஃப் அடித்து, கியரைப் போட்டு நகர்கிறார். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல் சாலையிலேயே கிடக்கிறது. தலையளவு கல். கருந்தாரில் கருங்கல், ஹெட்லைட் விழும்வரை தெரியாது. கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போய், அதைக் காலால் உருட்டி உருட்டி ஓரத்துப் பள்ளத்தில் தள்ளுகிறார்.